பங்கர் வெட்டத் தெரியாத அதிகாரிகள்

மச்சான்,

இங்கே கனடாவில், எங்கள் பியர்பொன்ட்ஸில் இந்த வசந்தமும் ஆறு பெருகிவிட்டது. நகரசபைக்காரர் இறக்கிவிட்டுப் போன மண்மூட்டைகளைக் காலையில் வாசலில் அடுக்கிக்கொண்டிருந்தேன். ஈர மண்ணின் மணம் மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்தது. நீ இருந்திருந்தால் ஒரு மூட்டையைக்கூட நிம்மதியாக வைக்க விட்டிருக்க மாட்டாய். நீ கண்ணை மூடி இரண்டு வருடமாகியும் உன் நச்சரிப்பு மட்டும் போகவில்லை.

புரோசார்ட் தாண்டித் தெற்கே ஒரு சின்ன அருங்காட்சியகத்துக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? இரண்டாம் உலகப் போரில் பிடிபட்ட ஜெர்மன் அதிகாரிகளை அடைத்து வைத்திருந்த முகாம் அந்தக் கிராமத்தில்தான் இருந்தது. சுற்றிக் காட்டிய அம்மா பிரெஞ்சில் சொல்லச் சொல்ல, நான் உனக்குத் தமிழில் சொன்னேன். அதிகாரிகள் என்பதால் அவர்களுக்கு வேலை கிடையாது. பாட வகுப்பு, வாத்தியக் குழு, நாடகம், பணிவிடைக்குச் சிப்பாய்கள் என்று எல்லாம் இருந்ததாம்.

"இது முகாமோ, கலியாண மண்டபமோ?" என்றாய். "பிடிபடுறதெண்டாலும் அதிகாரியாய்ப் பிடிபடவேணும் மச்சான்."

அடுத்து, தப்பியோட அவர்கள் தோண்டிய சுரங்கத்தின் மாதிரி இருந்தது. பாதியிலேயே கூரை இறங்கி, காவலரிடம் மாட்டிக்கொண்டார்களாம். அந்த அம்மா இரக்கத்தோடு சொன்னார். உனக்கோ கோபம் வந்துவிட்டது.

"இறங்காமல் என்ன செய்யும்? இந்தப் பலகை மண்ணைத் தாங்குமோ? பனங்குத்தி எங்கை? ஒரு பங்கர் வெட்டத் தெரியாத ஆக்கள் என்னெண்டு அதிகாரி ஆனவங்கள்? கேள் அவவை."

கனடாவில் பனைக்கு அவர்கள் எங்கே போவார்கள் என்று நான் கேட்டதை நீ காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த அம்மா, ஐயா பொறியியலாளரா என்று கேட்டார். தபாற் கந்தோர்க் கிளாக்கர் என்றேன். அப்படியானால் இதையெல்லாம் எங்கே படித்தார் என்றார். நான் கொஞ்ச நேரம் பிரெஞ்சில் பேசினேன். அவர் கண் கலங்கி, உன் கையை இரண்டு கையாலும் பிடித்து, "மெர்சி, முசியே" என்று நன்றி சொன்னார்.

வெளியே வந்ததும், "என்ன சொன்னனி?" என்று கேட்டாய்.

"நீ பிடிச்ச பிழையளைச் சொன்னன். அவ ஒத்துக்கொண்டிட்டா."

அதன் பிறகு உன்னைப் பிடிக்க முடியவில்லை. கல்யாண வீடு, செத்த வீடு எங்கு போனாலும், "மியூசியத்திலயே ஒத்துக்கொண்டவை" என்று அளந்தாய். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

அது பொய், மச்சான். ஊரில் ஷெல் விழுந்த நாட்களில் பதுங்குவதற்கு உன் வளவில் பங்கர் வெட்டினோம். வாசலை வளைத்துத்தான் வெட்டவேண்டும் என்று நீ ஒற்றைக் காலில் நின்றாய். உனக்கு விசர் என்று ஏசிவிட்டு, மண்வெட்டியை எறிந்துவிட்டுப் போனவன் நான். மிச்சத்தை நீ தனியாக வெட்டினாய். அடுத்த கிழமை ஷெல் அந்த வாசலிலேயே விழுந்தது. உள்ளே உன்னோடு நானும் என் அம்மாவும் இருந்தோம். சிதறியதெல்லாம் வளைவோடு நின்றுவிட்டது.

இதைத்தான் அருங்காட்சியகத்து அம்மாவிடம் சொன்னேன். முன்பின் தெரியாத ஒருவரிடம், உனக்கு விளங்காத மொழியில் சொல்ல வாய் வந்தது. உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

இப்போது தமிழில் சொல்கிறேன். என் அம்மா அந்த ஷெல்லுக்குப் பிறகு பத்தொன்பது வருடம் இருந்தார். நான் இன்னும் இருக்கிறேன்.