இரவுக்கு மூன்று மஞ்சள் மாத்திரை

ஜூன் 3

இன்றும் அண்ணன் வேலைக்குப் போகவில்லை. காலையில் நான் பள்ளிக்கூடம் கிளம்பும்போது எப்படிப் படுத்திருந்தானோ, இரண்டரைக்குத் திரும்பி வந்தபோதும் அப்படியே படுத்திருந்தான். தலையணை நனைந்திருந்தது. எச்சில். கூப்பிட்டால் "ம்" என்கிறான், கண் திறப்பதில்லை.

அம்மா இருந்தபோது இப்படி இல்லை. அண்ணனுக்கு மனச்சிதைவு நோய் என்று சொல்லி இரண்டு வருடம். அன்றிலிருந்து அதே மஞ்சள் மாத்திரைதான், காலையில் ஒன்று, இரவில் மூன்று. அதைக் குடித்துக்கொண்டே புளத்கொகுபிட்டிய டவுனில் மஹ்ரூப் நானாவின் கடையில் சீமெந்து மூட்டை தூக்கினான். அம்மா குவைத்துக்குப் போனதும் எங்களைப் பார்த்துக்கொள்ள யட்டியாந்தோட்டையிலிருந்து மல்லிகா சித்தி வந்தார். நான்கு மாதமாகிறது. மாத்திரை டப்பா இப்போது சித்தியின் அலுமாரியில், பூட்டுக்குள்.

ஏன் பூட்டு?

ஜூன் 4

கேட்டேன்.

"பக்கத்துக் காம்பராப் புள்ளைங்க ஓடி வந்து போற வீடு. மிட்டாயின்னு எடுத்து வாயில போட்டா யாரு பதில் சொல்றது? நீ படிக்கிற வேலயப் பாரு" என்றார் சித்தி.

பதில் சரியாகத்தான் இருக்கிறது. அவ்வளவு சட்டென்று வந்ததுதான் சரியில்லை.

ஜூன் 6

காலையில் பீலியடியில் தண்ணீர் பிடிக்கப் போனேன். சித்தி அந்தப் பக்கம் நின்று யாரோடோ போனில் சிங்களத்தில் பேசிக்கொண்டிருந்தார். கொஞ்ச நாள் அங்கேயே வைத்துக்கொண்டால் நல்லது, என்னால் தனியாகச் சமாளிக்க முடியவில்லை என்றார். வாளியோடு என்னைக் கண்டதும் போனை வைத்துவிட்டார்.

"யாரு சித்தி?"

"தெரிஞ்சவங்க."

அங்கே என்றால் பெரிய ஆஸ்பத்திரி. வேறு எது? முதல்முறை அண்ணனை மூன்று மாதம் அங்கே வைத்திருந்தார்கள். மறுபடி அவனை அனுப்பப் பார்க்கிறார்களா? படுத்தே கிடந்தால் அனுப்புவது சுலபம் இல்லையா?

இதையெல்லாம் வாயால் சொல்ல ஆளில்லை. அம்மாவிடம் சொன்னால் அங்கே அழுதுகொண்டு இருப்பாங்க. அதனால் படுக்கையில் நுளம்பு வலைக்குள் இருந்து எழுதுகிறேன்.

ஜூன் 7

அண்ணன் பேச்சு குழறுகிறது. கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பை துள்ளி விழுந்தது. அவன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நா போடல சர்மி. கைதான் போட்டிருச்சி" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"வெரதக்காரனுக்கு ஒரு நேரச் சோறு. கெறக்கம் இருக்காதா?" என்றார் சித்தி. தோட்டத்து முருகன் கோயில் திருவிழாவுக்கு அண்ணன் காவடி எடுக்கிறான். அவன் சுகமானதற்கு அம்மா வைத்த நேர்த்தி. காப்புக் கட்டி இரண்டு வாரம். மச்சம் மாமிசம் இல்லை, பீடி இல்லை, பாயில்தான் படுக்கை. அதே விரதம் பிடிக்கிற மற்ற நான்கு பேரும் ரப்பர் பால் வெட்டப் போய் வருகிறார்கள். அவர்களுக்குக் கிறக்கம் இல்லையே.

சித்தி மாத்திரையைக் கூடுதலாகக் கொடுக்கிறார். எனக்குத் தெரியும்.

ஜூன் 8

சித்தி மாத்திரையைத் தட்டில் வைக்கும்போது கதவோரம் நின்று பார்த்தேன். மூன்று. மூன்றே மூன்று.

அப்படியென்றால் எதில் கலக்கிறார்? அண்ணனுக்கு ஊற்றிய தேத்தண்ணியை மாற்றி எடுத்து நான் குடித்தேன். நன்றாக விழிப்புத்தான் இருக்கிறது. இப்போது மணி பன்னிரண்டரை.

ஜூன் 9

செய்துவிட்டேன்.

சித்தி தண்ணீர் எடுக்கத் திரும்பியபோது தட்டிலிருந்து ஒன்றை எடுத்தேன். அண்ணன் எண்ணவில்லை, இருந்த இரண்டையும் விழுங்கினான். அந்த ஒன்று என் கொம்பாஸ் பெட்டிக்குள் இருக்கிறது.

என்ன செய்கிறேன் நான்? ஆரம்பத்தில் ஒருமுறை, சுகம்தானே என்று அவனாகவே மாத்திரையை விட்டான். ஒரு கிழமை போகவில்லை. மழையில் ஓடைக்கரையில் நின்று "கூப்புடுறாங்க, கூப்புடுறாங்க" என்று கத்தினான். நாலு பேர் பிடித்து இழுத்து வந்தார்கள். அந்தக் குரல்கள் திரும்பி வந்தால் அது என்னால்தான்.

கொடுத்தால் எழும்பாமலே போய்விடுவானோ. எடுத்தால் ஓடைக்குப் போய்விடுவானோ. யார்கிட்ட கேக்கிறது?

ஜூன் 10

இன்றும் ஒன்று எடுத்தேன்.

ஜூன் 11

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மத்தியானப் பூசைக்குப் போன அண்ணன் கோயில் படியில் விழுந்தான். உடம்பு முழுவதும் வெட்டி வெட்டி இழுத்ததாம். கோயில் வேலைக்குச் சீமெந்து கொண்டுவந்த மஹ்ரூப் நானாதான் தன் லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பள்ளிக்கூடத்தில் சொல்லி என்னையும் கூட்டிக்கொண்டு சித்தி பின்னால் த்ரீவீலில் போனார். வழி முழுக்க நான் சித்தியின் முகத்தைப் பார்க்கவில்லை.

டொக்டர் நூரியா என்று ஒரு இளம் டொக்டர். அண்ணனின் கிளினிக் புத்தகத்தைப் பார்த்தபடியே கேட்டார். "இந்த மாசத்துல ஏதாவது புதுசா மாறிச்சா? காய்ச்சல்? வேற மருந்து? சாப்பாடு?"

"வெரதம் மட்டுந்தான் டொக்டர்" என்றார் சித்தி.

"பீடிய உட்டுட்டான்" என்றார் மஹ்ரூப் நானா. "நாளைக்கி ரெண்டு கட்டு இழுக்கிற மனிசன். ஏசி ஏசி எனக்குத் தொண்ட வத்திச்சி. முருகன் ஒரே நாள்ல நிப்பாட்டிட்டாருன்டு சந்தோஷப்பட்டேன்."

டொக்டர் எழுதுவதை நிறுத்தினார்.

"அதுதான். பீடிப் புகை இந்த மருந்த உடம்புல இருந்து வேகமாக் கழிச்சிரும். அதுக்கும் சேத்துத்தான் இவருக்கு இந்த அளவு. புகை திடீர்னு நின்னா அதே மாத்திரை ரத்தத்துல கூடிப் போகும். நித்திர, எச்சில், கை துள்ளுறது, பெறகு வலிப்பு."

பீடியை விட்டது நல்லது என்றார். ஆனால் விடுவதற்கு முன் கிளினிக்கில் சொல்லியிருக்க வேண்டுமாம். சொல்லியிருந்தால் அவர்களே அளவைக் குறைத்திருப்பார்களாம். பீடிக்கும் மருந்துக்கும் என்ன சம்பந்தம் என்று எங்களில் யார் நினைத்தோம்?

"அஞ்சாறு நாளா போன் பண்றேன் டொக்டர், கொஞ்ச நாள் அங்கயே வச்சிப் பாருங்கன்னு. இருபதாந்தேதி கிளினிக்குக்குக் கொண்டாங்கன்னுதான் சொன்னாங்க" என்றார் சித்தி. பீலியடியில் பேசியது இதுதான்.

"இப்பிடி இருந்தா திகதி பாக்காம நேரா வந்துருங்க" என்றார் டொக்டர். பிறகு, "மாத்திரை எல்லாம் சரியாப் போனிச்சா?" என்று கேட்டார்.

"ஒன்னு கூடக் கொறையல. நானே எடுத்து வச்சேன்."

டொக்டர் அதை எழுதப் போனார். அண்ணன் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று கணக்குப் பார்க்கிறார், அந்தக் கணக்கில் பொய் இருக்கிறது, அது என் பொய்.

"ரெண்டு ராவு ஒன்னொன்னு நான் எடுத்துட்டேன் மிஸ்" என்றேன்.

டொக்டர் அதையும் எழுதிக்கொண்டு, "இப்ப சொன்னது நல்லது. இனிமே கூட்டுறதோ கொறைக்கிறதோ நாங்க பாத்துக்கிறோம். பயமா இருந்தா எங்களக் கேளுங்க" என்றார். சட்டென்று குறைத்தாலும் நோய் திரும்பும், இரண்டு நாளுக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவில் மறுபடி தொடங்கவே கூடாது, காய்ச்சல் தொண்டை நோவு என்றால் அன்றைக்கே ரத்தம் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். அண்ணனை வார்ட்டில் வைத்துக்கொண்டார்கள்.

பஸ்ஸில் பாதி வழியில் சித்தி என் பக்கம் திரும்பினார்.

"என்னையவா நெனச்ச?"

நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

"நெனச்சா நெனச்சிட்டுப் போ. சின்ன வயசுல சீனி கொறைஞ்சாலே ஒங்கம்மா என்னையத்தான் பாக்கும். பழக்கந்தான். ஆனா கேக்காம மாத்திரையில கை வச்ச பாரு, அது தப்பு சர்மி."

பிறகு இறங்கும்வரை என் புத்தகப் பையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

ஜூன் 17

அண்ணன் வந்துவிட்டான். இரவுக்கு இனி இரண்டு. மெலிந்திருக்கிறான், ஆனால் கண் திறந்திருக்கிறது. காவடி இந்த வருடம் வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். "முருகனுக்கு லீவு லெட்டர் எழுதிக் குடு சர்மி" என்கிறான்.

ஜூன் 22

திருவிழா. தேர் வந்தபோது அண்ணன் ஓரமாக நின்று வடத்தைத் தொட்டுக் கும்பிட்டான். அவனோடு வேலை செய்கிற சதீஸ் அண்ணன், "வெரதம் முடிஞ்சிரிச்சே, இந்தா" என்று பீடியை நீட்டினார்.

அண்ணன் அதை வாங்கி, திருப்பிப் பார்த்து, அவர் சட்டைப் பையிலேயே வைத்தான். "இதக் குடிக்கவும் டொக்டர்கிட்ட கேக்கணும்டா. அதுக்குக் குடிக்காமலே இருந்துறலாம்."

சித்தி என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

ஜூன் 25

நேற்றும் எழுதவில்லை. எட்டரைக்கே தூங்கிவிட்டேன். அண்ணன் மாத்திரை குடிப்பது ஒன்பது மணிக்கு.

எத்தனை குடித்தான் என்று காலையில் யாரிடமும் கேட்கவில்லை.