ஐம்பத்தைந்து என்று எழுதினேன்

ஜூலை 24, வியாழன்

மூன்று பேஸ்பால் அணிகளுக்கு இடையே ஒரு டிரேட், ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும் பேரம். காலையிலேயே எங்கள் அணியின் மேலாளர் ப்ரென்னர் தாளை என் மேசையில் போட்டார். பாலைவன அணியின் ஹேகுட், முப்பத்து நான்கு வயது, இடது கையால் பந்தெறியும் பிட்சர், எங்களுக்கு வருவார். கடற்கரை அணி ஒரு மட்டையாளரைப் பாலைவனத்துக்கு அனுப்பும். நாங்கள் கடற்கரைக்கு, நாளைய நட்சத்திரம் என்று எல்லோரும் பேசும் பத்தொன்பது வயது கல்ப்பைக் கொடுக்க வேண்டும். கூடவே ஒரு கொசுறு.

கொசுறின் பெயர் எய்டெல் ரொசாரியோ.

மூன்று வருஷம் அவனோடு ஒரே வீட்டில் காற்றடித்த மெத்தையில் படுத்தவன் நான். ஐந்து பேர், ஒரு குளியலறை. என் முழங்கை போனது, ஆட்டத்தை விட்டு ஆட்டக்காரர்களை மதிப்பிடும் வேலைக்கு அலுவலகம் வந்துவிட்டேன். இருபத்தாறு வயதில் அவன் இன்னும் கீழ்நிலை மைனர் லீக்கில் கேட்சர், மட்டையாளருக்குப் பின்னால் குந்திப் பந்து பிடிப்பவன்.

ஜூலை 25

மேஜர் லீக்கில் ஆடும் எங்கள் மேல் அணியின் இரண்டாவது கேட்சருக்கு அடுத்த வாரம் முழங்காலில் அறுவை. அந்த இடம் எய்டெலுக்குத்தான். மேஜர் லீக்கில் ஒரே ஒரு நாள் பெயர் இருந்தால் போதும், ஆயுசுக்கும் மருத்துவக் காப்பீட்டில் சேரலாம். பத்து வருஷம் கீழே முட்டி தேயக் குந்தியிருந்தவனுக்கு ஒன்றும் கிடையாது. இதற்குப் பெயர் விதிமுறை.

கடற்கரை அணியிலோ நல்ல கேட்சர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். போனால் புதைகுழிதான்.

எய்டெல் போன் செய்தான். மனைவி யானெலியின் ஆஸ்துமா பற்றிச் சொன்னான். பிறகு, "நல்ல சட்டையா ஒண்ணு தேய்ச்சு வச்சிருக்காடா. மேல போறவன் கசங்கிப் போகக் கூடாதாம்."

டிரேட் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் வேலை போய்விடும் — அதுதான் காரணமா?

ஜூலை 26

டிரேடுக்காக எய்டெலுக்கு நான் மதிப்பெண் போட வேண்டும். இருபதிலிருந்து எண்பது வரை. ஐம்பது என்றால் மேஜர் லீக்கில் நிலையான இடம். எய்டெலின் கை நல்ல கை. மட்டைதான் தாமதம். நேர்மையாகப் போட்டால் நாற்பது.

நாற்பது என்றால் ப்ரென்னர் யோசிக்காமல் தூக்கிக் கொடுத்துவிடுவார். ஐம்பத்தைந்து என்று எழுதினேன். அவ்வளவு பெறுமதி உள்ளவனைக் கொசுறாகக் கொடுக்க மாட்டார்கள்.

ஜூலை 28

ப்ரென்னர் சிரித்துக்கொண்டே வந்தார். "கொசுறுன்னு நினைச்சவன் ஐம்பத்தஞ்சா? அப்புறம் கல்ப்பை எதுக்குக் கொடுக்கணும்? இவனையே முன்னால நிறுத்துவோம்."

மட்டை கொஞ்சம் தாமதம் என்று இழுத்தேன்.

"நீயே எழுதிட்டு நீயே பயப்படுறியே தம்பி."

என் அறிக்கையைக் கடற்கரைக்கு அனுப்பியும் விட்டார். முட்டாள். அவரை இல்லை, என்னைச் சொல்கிறேன்.

ஜூலை 29

ஒப்புக்கொண்டார்கள்.

ஜூலை 30

அலுவலகத் திரையில் கீழ் அணியின் பகல் ஆட்டம். ஐந்தாவது இன்னிங்ஸ் நடுவில் பயிற்சியாளர் எய்டெலை வெளியே அழைத்தார். ஆட்டத்தின் நடுவில் ஒருவனை எடுத்தால் இரண்டே அர்த்தம்: மேலே போகிறான், அல்லது விற்றுவிட்டார்கள். எல்லோரும் முதலாவதையே நினைத்தார்கள். ஓடி வந்து கட்டிக்கொண்டார்கள், தொப்பியைப் பறித்துத் தலையில் தட்டினார்கள். அவன் சிரித்தான். பயிற்சியாளர் அவன் தோளைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப் போனார். கேமரா வேறு பக்கம் திரும்பிவிட்டது.

மாலையில் பேசினான். "என்னை வெளிய எடுத்ததை யானெலிக்கும் யாரோ சொல்லிட்டாங்கடா. மேல போறேன்னு நினைச்சு சட்டையை எடுத்துக்கிட்டு வந்து நின்னா."

பிறகு கேட்டான்: "அங்க என்னைப் பெரிய ஆளுன்னு சொல்றாங்க. யாருடா அப்படிச் சொன்னது?"

தெரியாது என்றேன்.

ஆகஸ்ட் 21

ஹேகுட் மூன்று ஆட்டம் ஜெயித்துக் கொடுத்தார். ப்ரென்னர் எனக்குத் தனி அறை கொடுத்திருக்கிறார். எய்டெல் கடற்கரையின் கீழ் அணியில் பதினெட்டு முறை அடிக்க இறங்கி ஒரு முறைகூடச் சரியாக அடிக்கவில்லை. கல்ப்புக்குப் பதிலாக வந்தவன் இவனா என்று அரங்கில் கத்துகிறார்களாம்.

கொசுறாகப் போயிருந்தால் யாரும் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

மார்ச் 19

மற்ற அணிகள் வேண்டாமென்று விடுவித்தவர்களின் பட்டியல் வந்தது. ஒன்பதாவது பெயர், ரொசாரியோ. எங்களுக்கும் ஒரு கேட்சர் தேவை. வேண்டுமா என்று பார்த்துச் சொல்லச் சொன்னார் ப்ரென்னர்.

அவன் பக்கத்தைத் திறந்தேன். என் பழைய ஐம்பத்தைந்து அப்படியே இருந்தது. இன்னொரு பொய்யை எழுதக் கை வரவில்லை. நாற்பது என்று திருத்தினேன்.

ப்ரென்னர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"நாற்பதா? அப்போ வேண்டாம். அடுத்தவன் யாரு?"

பத்தாவது பெயரைப் படித்தேன்.