சளிக்கு என்று சொல்லியிருக்கலாம்

நத்தமேடு
பவ வருஷம் கார்த்திகை 22
(7 டிசம்பர் 1934)

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை அமுதம் வணங்கி எழுதுவது. இங்கே மூக்கொழுகலைத் தவிர மற்றபடி எல்லோரும் சுகம். அங்கே நீங்களும் அண்ணியும் சுகந்தானே? கார்த்திகை பிறந்துவிட்டது, நீங்கள் காதோடு சேர்த்துக் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டிருப்பீர்கள். பாகூர்ப் பிள்ளைகள் தங்கள் வாத்தியார் முகத்தை இனிப் பங்குனியில்தான் பார்ப்பார்கள் என்று உங்கள் மாப்பிள்ளை கேலி செய்கிறார்.

ஜெயாவுக்குப் பத்து நாளாகச் சளி. படுத்தால் நெஞ்சு கர் கர் என்கிறது, மூச்சு இழுக்கிறது. ஆறு வயதுப் பிள்ளையைக் கைக்குழந்தைபோல் மடியில் சாய்த்து வைத்துக்கொண்டிருக்கிறேன். ஊருக்கு வந்துபோகும் கம்பவுண்டர், வெந்நீரில் அரைக் கரண்டி நல்ல பிராந்தி விட்டுக் கொடுத்துப் பார் என்கிறார். நல்லது என்றால் உங்கள் பிரெஞ்சுச் சீமைச் சரக்குதானாம். எனக்கு வேறு யாரைக் கேட்பது என்று தெரியவில்லை.

உங்கள் மாப்பிள்ளைக்கு இது தெரிய வேண்டாம். கள்ளுக்கடை இருக்கிற தெருவில் மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்கிறவர் அவர். அதிலும் இந்த மார்கழி பஜனைக்கு அவரைத்தான் முன்னால் நடந்து பாடச் சொல்லியிருக்கிறார்கள். எட்டு வருஷமாகப் பின்வரிசையில் பாடிவந்தவருக்கு இப்போது கால் தரையில் பாவவில்லை. கழனியில் மாட்டிடம்கூடத் திருவெம்பாவைதான் பாடுகிறார்.

உங்கள் தங்கை
அமுதம்


பாகூர்
கார்த்திகை 25

சௌபாக்கியவதி அமுதத்துக்கு அண்ணன் சுப்பராயலு ஆசீர்வாதம்.

உன் கடிதத்தைக் கீரைக்காரி காசம்மாள் கொடுத்தாள். முதலில் திட்டு. நீ விடியலில் கோலம் போடும்போது குழந்தையைப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொள்கிறாய் என்று அவள் சொல்கிறாள். பனி தலையில் இறங்கினால் சளி வராமல் வெல்லமா வரும்? வெயில் ஏறிய பிறகுதான் அவளை வாசலில் விட வேண்டும். தலைக்குத் தண்ணீர் விட்டால் ஈரம் போகத் துவட்டிச் சாம்பிராணிப் புகை காட்டு. தூதுவளை ரசம் ஒரு வேளையாவது கொடு. பொழுது சாய்ந்தால் தயிரைக் கண்ணில் காட்டாதே. மூக்கைத் துடைத்த துணியை வெந்நீரில் போட்டுத் துவை. அவள் குடித்த குவளையில் நீ குடிக்காதே, பிறகு உனக்கு யார் ரசம் வைப்பது?

நேற்று ஞாயிற்றுக்கிழமை பிரெஞ்சு சர்க்காரின் கொம்யூன் கட்டடத்துக்கு முன்னால் குளிர்காலத்தில் உடம்பைக் காப்பது எப்படி என்று ஒரு மணி நேரம் பேசினேன். நல்ல கூட்டம். "சளிக்குப் பிராந்தி கேட்கிறவன் பிராந்திக்காகத்தான் சளி பிடித்துக்கொள்கிறான்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சாராயக்கடை வாசலே கதியென்று கிடக்கும் பலராமனைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். அவன் எழுந்து போய்விட்டான். இப்படிப் பேசிய என்னிடம் நீ பிராந்தி கேட்கிறாய்!

சரி, பேச்சு வேறு, ஜெயா வேறு. வெள்ளிக்கிழமை நானே கொண்டுவந்து தருகிறேன். காசம்மாளிடம் கொடுத்தால் ஆற்றங்கரையில் இங்கிலீஷ்காரன் சுங்கச் சாவடிச் சேவகர்கள் கூடையைக் கிளறுவார்கள். பள்ளிக்கூட வாத்தியார் பையை எவன் திறக்கப் போகிறான்?

சுப்பராயலு


பாகூர்
மார்கழி 2

அன்புள்ள அமுதத்துக்கு,

வெள்ளிக்கிழமை வர முடியாமல் போயிற்று. புறப்பட்டுத்தான் வந்தேன். ஆற்றில் கால் வழுக்கி இடுப்புவரை நனைந்துவிட்டேன். பை தண்ணீரோடு போயிற்று, அதிலிருந்த சாமானும் போயிற்று. ஈர வேட்டியோடு வீடு திரும்பினேன். மூன்று நாளாகத் தும்மல். உன் அண்ணி விருத்தாம்பாள், "ஊர்ல இருக்கறவங்களுக்கு எல்லாம் சொன்னீங்களே, உங்களுக்கு யாரு சொல்றது" என்று சிரித்துக்கொண்டே கஷாயம் போடுகிறாள்.

ஜெயாவுக்கு நெஞ்சில் தேங்காயெண்ணெயைக் கற்பூரத்தோடு காய்ச்சித் தடவு. உள்ளங்காலிலும் தடவு. ஜன்னலை முழுக்கச் சாத்தாதே, காற்று வேண்டும், ஆனால் தலைமாட்டில் வேண்டாம். சுக்குத் தண்ணீர் கொடு. விடியலில் பாடுகிறவர்கள் தொண்டையைக் காத்துக்கொள்ள வேண்டும், மாப்பிள்ளையை இரண்டு மிளகும் பனங்கற்கண்டும் வாயில் அடக்கிக்கொள்ளச் சொல்.

பஜனை நன்றாக நடக்கிறதா? மாப்பிள்ளை முன்னால் நடக்கிறாரா? ஊரில் ஏதாவது பேசிக்கொள்கிறார்களா? சும்மாதான் கேட்டேன்.

சுப்பராயலு


நத்தமேடு
மார்கழி 9

அன்புள்ள அண்ணாவுக்கு, அமுதம் வணக்கம்.

ஜெயா எழுந்து ஓடுகிறாள். தூதுவளையும், பனியில் விடாமல் வைத்ததும்தான் அவளைத் தேற்றின. உங்கள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். பிராந்தி வேண்டியே இருக்கவில்லை.

ஆனால் வீட்டில் யாருக்கும் சிரிப்பு இல்லை. மார்கழி நாலாம் நாள் காலையில் பஜனைக் கூடத்துச் செல்லக்கண்ணு வந்தார். வாசலிலேயே நின்றார். "சிவப்பிரகாசம், தப்பா நெனைக்காதப்பா. நீ கொஞ்ச நாளு வூட்லயே இரு. பேச்சு அடங்கட்டும்" என்றார்.

"இன்னா பேச்சு?" என்று இவர் கேட்டார்.

"உனக்குன்னு பாகூர்லேர்ந்து பிராந்தி வந்துச்சாமே. சாவடில புடிச்சிட்டாங்களாம். கொண்டாந்தவரே உன் பேரச் சொன்னாராம். சேவகரு கடையில உக்காந்து சொல்றாரு, ஊரே கேக்குது. நாங்க இன்னா பண்றது?"

ஜால்ராவைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். இவரே உள்ளிருந்து எடுத்து வந்து கொடுத்தார். இப்போது விடியலில் பஜனை எங்கள் தெருவுக்கு வரும்போது கதவைச் சாத்திக்கொள்கிறார். உள்ளே உட்கார்ந்து அதே பாட்டை வாய்க்குள் பாடுகிறார். அவர்கள் தெருக்கோடி தாண்டும் வரைக்கும் பாடுகிறார். எனக்குப் பார்க்கத் தாங்கவில்லை.

"நீ யாருக்காச்சும் சொல்லி அனுப்புனியா அமுதம்?" என்று ஒரு தரம் கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டேன். பதினோரு வருஷத்தில் அவர் முகத்தைப் பார்த்து நான் சொன்ன முதல் பொய். அன்றிலிருந்து அவருக்குச் சோறு போடும்போது கை கூசுகிறது.

கொண்டுவந்தவர் யாரென்று மட்டும் சேவகர் சொல்லவில்லையாம். ஆள் படித்தவர் மாதிரி இருந்தாராம். குடை வைத்திருந்தாராம். காதோடு சேர்த்துக் கம்பளித் துண்டு சுற்றியிருந்தாராம். சேவகர் சொன்னது. அண்ணா, உங்களுக்குப் பாகூர்ப் பக்கத்தில் எல்லோரையும் தெரியும். அது யாராக இருக்கும் என்று எனக்கு எழுதுங்கள். நீங்கள் எழுதுவதை நான் நம்புவேன்.

அமுதம்


பாகூர்
மார்கழி 11

அமுதத்துக்கு,

கடிதம் கண்டேன். குளிர்காலத்தில் எல்லோருந்தான் காதை மூடிக்கொள்கிறார்கள். அதை வைத்து யாரென்று சொல்வது? சேவகர்கள் பொழுதுபோகாமல் ஏதாவது பேசுவார்கள். பொங்கலுக்குள் எல்லாம் மறந்துவிடும். மாப்பிள்ளையை மனம் தளராமல் இருக்கச் சொல். ஜெயாவுக்குச் சளி போய்விட்டது என்று தலை துவட்டாமல் விட்டுவிடாதே, தை முடியும் வரைக்கும் கவனம் வேண்டும்.

சுப்பராயலு


பாகூர்
மார்கழி 18

அமுதம்,

முன் கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போடு. அதில் ஜெயாவின் தலையைத் துவட்டச் சொன்னது ஒன்றுதான் நேர்மையான வார்த்தை.

நான் ஆற்றில் விழவில்லை. அன்றைக்கு நான் ஆற்றில் இறங்கவே இல்லை. சாவடியிலேயே பையைத் திறக்கச் சொன்னார்கள். சேவகர் மரியாதையாகத்தான் கேட்டார், "யாருக்கு வாத்தியாரே இது?" என்று. குழந்தைக்குச் சளி என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மை. பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு, தீர்வை கட்டாமல் கொண்டுவந்ததற்கு நாலு வார்த்தை சொல்லி விட்டிருப்பார்கள்.

எனக்குப் பின்னால் வரிசையில் பலராமன் நின்றுகொண்டிருந்தான். பாட்டிலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "இன்னா வாத்தியாரே, சளியா?" என்றான். சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். ஐந்து நாளுக்கு முன்னால் என் பேச்சுக்குச் சிரித்தவர்களும் அதில் இருந்தார்கள். அதற்குப் பிறகு சளி என்ற வார்த்தை என் வாயில் வரவில்லை, அமுதம். உலகத்தில் வேறு எதை வேண்டுமானாலும் சொல்லியிருப்பேன்.

"எனக்கில்லப்பா. அக்கரைல எங்க மாப்பிள்ள சிவப்பிரகாசம், அவருக்கு. பழக்கத்த வுட முடியல. தங்கச்சி வூட்டுக்காரரு, நான் இன்னா பண்றது" என்றேன். முகத்தில் வருத்தம்கூட வரவழைத்துக்கொண்டேன். சிரிப்பு நின்றுவிட்டது. பாவம் வாத்தியார் என்று ஒருவர் சொன்னார். அது எனக்கு இனித்தது. இதை உனக்கு எழுதாமல் விட்டுவிடத்தான் ஏழு நாளாகப் பார்த்தேன்.

கொண்டுவந்தது யாரென்று நத்தமேட்டில் சொல்ல வேண்டாம் என்று சேவகரிடம் கேட்டுக்கொண்டு திரும்பினேன். வழியில், அண்ணியிடம் சொல்ல ஒரு காரணம் வேண்டுமே என்று, வாய்க்காலில் இறங்கி நானே வேட்டியை நனைத்துக்கொண்டேன். பிடித்த சளி மட்டும் நிஜம். கஷாயம் குடிக்கும்போதெல்லாம் அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் பொய் சொன்ன பிள்ளைகளைப் பெஞ்சுமேல் ஏற்றுகிறேன். அவர்கள் என்னைவிட உயரத்தில் நிற்கிறார்கள், தலை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

நேரில் வந்து பஜனைக் கூடத்தில் சொல்லிவிட வேண்டும் என்று நேற்றுப் புறப்பட்டேன். சாவடியில் அதே சேவகர், "இன்னிக்கி மாப்பிள்ளைக்கு ஒண்ணும் இல்லையா?" என்றார். திரும்பி நடந்துவிட்டேன். உன் அண்ணன் அவ்வளவுதான்.

இதோடு பஜனைக் கூடத்தாருக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். நடந்ததை எழுதி, முழுப் பெயரும் உத்தியோகமும் போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறேன். மாப்பிள்ளையிடம் கொடு. எல்லோரும் இருக்கும்போது உரக்கப் படிக்கட்டும். இதனால் வேலை போனால் போகட்டும். அவர் கையில் ஜால்ரா திரும்ப வந்தால் போதும்.

மன்னிப்பு என்று எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டேன்.

சுப்பராயலு


நத்தமேடு
மார்கழி 24

அண்ணாவுக்கு அமுதம் எழுதுவது.

காசம்மாள் கொடுத்த இரண்டு கடிதங்களையும் அவரிடம் கொடுத்துவிட்டேன். பிராந்தி கேட்டு எழுதியது நான்தான் என்பதையும், இல்லை என்று பொய் சொன்னதையும் சொன்னேன். "கொழந்தைக்கு அவ்ளோ முடியாம இருந்துச்சா? எங்கிட்ட சொல்லியிருந்தா நானே போயி வாங்கியாந்திருப்பேனே" என்றார். அவரை எனக்கு அவ்வளவுதான் தெரிந்திருக்கிறது.

பஜனைக் கூடத்தாருக்கு நீங்கள் எழுதியதை இரண்டு தரம் படித்தார். மடித்தார். அடுப்பில் போட்டுவிட்டார். நான் பாய்ந்து எடுக்கப் போனேன், கையைப் பிடித்துக்கொண்டார்.

"வுடு அமுதம். அவரு புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கறவரு. இது வெளிய போனா நாளைக்கி எந்தப் புள்ள அவரு பேச்சக் கேக்கும்? நான் கழனில நிக்கறவன். என் பேரு கெட்டா நாத்து மொளைக்காதா?"

பிறகு ஜெயாவின் தலை காய்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். நான் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். செல்லக்கண்ணுவிடம் நானே போய்ச் சொல்கிறேன் என்று சாயங்காலம் கேட்டேன். கூடாது என்று ஜெயா தலைமேல் கைவைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். இன்று விடியலிலும் பஜனை எங்கள் தெரு வழியாகப் போயிற்று. எங்கள் கதவு சாத்தித்தான் இருந்தது.

அவர் உங்களை மன்னித்துவிட்டார் அண்ணா. கோபம் என்று ஒன்று அவருக்கு வரவே இல்லை. எனக்கு அந்த மனசு கிடையாது. எல்லோரும் சிரிப்பதை நிறுத்தியபோது இனித்தது என்று எழுதியிருந்தீர்கள். மறைக்காமல் எழுதினீர்கள், அது எனக்குத் தெரிகிறது. ஆனாலும் அந்த வரியைப் படித்ததிலிருந்து உங்கள் முகம் எனக்கு ஞாபகத்துக்கு வர மறுக்கிறது.

பொங்கலுக்கு வரிசை எடுத்துக்கொண்டு வழக்கம்போல் வர நினைப்பீர்கள். மச்சானுக்கு என்று அவர் கடலூரில் வேட்டி எடுத்து வைத்திருக்கிறார். நீங்கள் வர வேண்டாம். வந்தால் உங்களை உட்கார வைத்து, இலை போட்டு, அவரே பரிமாறுவார். அதை என்னால் பார்க்க முடியாது.

அமுதம்