உன் பழைய முகவரிக்கு மாமா எழுதியது

அன்புள்ள குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம். நீ நலமா என்று கேட்க வேண்டியதில்லை, ஞாயிற்றுக்கிழமை போனிலேயே கேட்டுவிட்டேன், நன்றாக இருப்பதாகச் சொன்னாய், நடுவில் இருமல் மட்டும் கேட்டது. வாரா வாரம் பேசிக்கொண்டு இது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். மாமா பேச்சை எடுத்தாலே "அப்புறம் பேசலாம்மா, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, வைத்தாலும் மேசை மேலேயே கிடக்கும்.

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்து, எதிர் வீட்டுச் சுவரில் பெயின்ட் திட்டுத் திட்டாக இருக்கிறது என்று நாள் முழுக்கக் குறை சொல்கிறார், இதற்காகவா ஆபரேஷன் செய்தோம் என்று இருக்கிறது. நான்தான் சரியாக இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை, ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. அலமாரியை மூன்று தடவை கலைத்து அடுக்கிவிட்டேன், பஸ்ஸில் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடக்கிறேன், போன வாரம் உணவு ஆய்வகத்தில் எண்ணெய் மாதிரியின் வரிசை எண்ணைப் பால் மாதிரிக்குப் போட்டுக் கையெழுத்தும் போட்டுவிட்டேன், இருபத்திரண்டு வருடத்தில் இது முதல் தடவை. மேலதிகாரி "நாலு நாள் லீவு போடுங்க மேடம்" என்றார். லீவு போட்டால் வீட்டில் அல்லவா இருக்க வேண்டும்.

மாமா போய் ஐந்து வாரம் ஆகிறது. லீவு கிடைக்கவில்லை என்று அப்போது சொன்னாய், நானும் நம்பியது போல இருந்துகொண்டேன். போன வாரம்தான் அவன் அறையைக் காலி செய்தேன். தண்ணீர் வாரியத்தில் பதினெட்டு வருடம் அவனுக்கு எதிர் மேசையில் உட்கார்ந்தவர் சாமான் தூக்க உதவிக்கு வந்தார். மதிய இடைவேளையில் அவன் கம்ப்யூட்டரில் செஸ் ஆடுகிறான் என்றுதான் அவர் இத்தனை நாள் நினைத்திருக்கிறார். அது பெயர்ப் பட்டியல்களை வரிசைப்படுத்துகிற ஒரு மென்பொருள், எந்தெந்த நாடுகளிலோ ஆஸ்பத்திரியிலும் நூலகத்திலும் ஓடுகிறது, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிழை கண்டால் திருத்தி அனுப்பலாம், காசு கிடையாது, பதினாறு வருடமாக அதைக் கவனித்துக்கொண்டவன் இவன்தான் என்று சொன்னேன். "சும்மாவா குடுத்தாரு? எங்ககிட்ட பேனா குடுத்தா மூடியக் கையில வச்சுக்கிட்டுத்தானே குடுப்பாரு" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னவர் அட்டைப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

அவனோடு அந்த வேலையைச் செய்தவர்கள் இணையத்தில் ஒரு நினைவுப் பக்கம் வைத்திருக்கிறார்கள். நானூறு பேருக்கு மேல் எழுதியிருக்கிறார்கள். செத்தவரைப் பற்றிய புகழ்ச்சியில் பாதியைத் தள்ளிவிட்டுப் படிப்பதுதான் என் வழக்கம், தள்ளிய பிறகும் நிறைய மிச்சம் இருந்தது. இவரிடம் திட்டு வாங்காதவர் எங்களில் யாரும் இல்லை, திட்டியதோடு விட்டதும் இல்லை, எது தப்பு என்று இரண்டு பக்கம் விளக்கி எழுதுவார் என்று ஒருவர் எழுதியிருந்தார். நம் வீட்டுக்கு வந்தால் இரண்டு வரி பேசமாட்டான், அங்கே இரண்டு பக்கமா என்று எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது.

அவனுக்கு அடுத்தபடியாக அந்த மென்பொருளைப் பார்த்துக்கொள்கிற அம்மாள் தொழிலால் பல் டாக்டர், பல் பிடுங்கிய நேரம் போக மிச்ச நேரத்தில் பிழை பிடுங்குகிறார். அவர் எனக்குப் போன் செய்தார். "அக்கா, ஒண்ணே ஒண்ணு உங்ககிட்ட கேக்கணும். ஒரு பிழைக் குறிப்ப, தீந்துருச்சுன்னு மூட மாட்டேன்னு சார் எழுதி வச்சிருக்காரு, அந்தப் பொண்ணு பதில் போட்டாத்தான் மூடுவாராம். அது பதிலே போடல. வீட்டுல சரின்னு சொன்னீங்கன்னா நாங்க மூடிடறோம்" என்றார். எந்தப் பொண்ணு என்று கேட்டேன். பெயரைப் படித்தார். உன் பெயர். நீ அவனுக்கு அக்கா மகள் என்பதே அங்கே யாருக்கும் தெரியாது.

முதல் பாதி உனக்குத் தெரியும். காலேஜ் இரண்டாம் வருடத்தில், ஒற்றை எழுத்தைக் கண்டால் அது இனிஷியல் என்று நினைத்து அந்த மென்பொருள் ஒதுக்கிவிடுகிறது, ஒருவருடைய பெயரே ஒற்றை எழுத்தாக இருந்தால் அவர் பட்டியலின் கடைசிக்குத் தள்ளப்படுகிறார் என்று கண்டுபிடித்து, திருத்தமும் எழுதி அனுப்பினாய். அவன் எல்லோரும் பார்க்கும்படி, இல்லாத ஆளுக்கெல்லாம் நாற்காலி போட முடியாது என்று ஒரே வரியில் தள்ளிவிட்டான். சொந்தக்காரிக்குச் சலுகை காட்டிவிடக் கூடாது என்கிற வீம்பு. மற்றவர்களுக்கு இரண்டு பக்கம், உனக்கு ஒரு வரி. அதோடு நீ அவன் இருக்கிற பக்கம் திரும்பவில்லை. இரண்டு பேரும் பெரியவர்கள், பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று நான் ஒதுங்கி இருந்துவிட்டேன்.

இரண்டாம் பாதி உனக்குத் தெரியாது. மூன்று வருடம் கழித்து எங்கோ ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து எழுதியிருக்கிறார்கள். ஒற்றை எழுத்துப் பெயர் கொண்ட ஒரு பெண் காலையிலிருந்து சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், அவளைக் கூப்பிடவே இல்லை, அவள் பெயர் யாரும் புரட்டாத கடைசிப் பக்கத்தில் கிடந்தது. மறுநாளும் வந்து உட்கார்ந்திருக்கிறாள். மாமா உன் திருத்தத்தை எடுத்து ஒரு எழுத்து மாற்றாமல் சேர்த்து, செய்தவர் என்று உன் பெயரைப் போட்டு, கீழே எழுதியிருக்கிறான். பார்த்து எழுதுகிறேன்: மூன்று வருடத்துக்கு முன் இதைச் சொன்னவர் சொன்னது சரி. அவர் அனுப்பியதை நான் முழுதாகப் படிக்காமலே மறுத்தேன், மறுத்த விதமும் தவறு. வருந்துகிறேன். அவர் பார்த்துச் சரியென்று சொல்லும்வரை இந்தக் குறிப்பை மூட மாட்டேன்.

அதை அவன் உனக்கும் அனுப்பியிருக்கிறான், உன் காலேஜ் மெயில் முகவரிக்கு. நான் எதையும் அப்படியே நம்புகிறவள் இல்லை, காலேஜுக்குப் போன் செய்து கேட்டேன். "படிச்சு முடிச்ச ஆறு மாசத்துல மூடிடுவோம் மேடம், அப்புறம் வர்ற மெயில் உள்ளயும் வராது, திரும்பியும் போகாது" என்றார்கள். திரும்பி வராததால் நீ படித்துவிட்டாய் என்று அவன் நினைத்திருக்கிறான். உன் போன் நம்பர் அவனிடம் இருந்தது. ஆனால் அவர்கள் வழக்கப்படி, திருத்தம் எந்த முகவரியிலிருந்து வந்ததோ அங்கேதான் பதில் போக வேண்டுமாம். பல் டாக்டர் அதை ஒரு நியாயம் போலவே சொன்னார்.

என்னை உட்கார விடாதது இதுவும் இல்லை. சனிக்கிழமை தோறும் வருவான் அல்லவா, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "அக்கா, அவ ஏதாவது சொன்னாளா?" என்பான். "என்ன சொல்லணும்? நல்லாத்தான் இருக்கா, அங்க குளிர் ஜாஸ்தியாம்" என்பேன். "சரி" என்று சொல்லிவிட்டு அப்பாவோடு போய் உட்கார்ந்துவிடுவான். இரண்டு வருடத்துக்கு மேல் இப்படி. எண்ணெயில் கலப்படமா என்று மூன்று தடவை சோதிக்கிற நான், எதைப் பற்றிடா கேட்கிறாய் என்று கூடப் பிறந்தவனை ஒரு தடவை திருப்பிக் கேட்கவில்லை. நீ படித்தும் பதில் சொல்லவில்லை என்ற நினைப்போடுதான் அவன் போயிருக்கிறான். இதைப் பூசி மெழுகி எழுத எனக்குத் தெரியவில்லை. தப்பு உன்னுடையது இல்லை என்பதை மட்டும் நிச்சயமாக எழுத முடியும்.

உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன், திட்டுவதானால் திட்டு. அவன் எழுதியதற்குக் கீழே யாரோ ஒருவர், பெரிய மனிதர் இறங்கி வந்து மன்னிப்புக் கேட்டும் பதில் இல்லை, சிலருக்கு அவ்வளவு திமிர் என்று எழுதியிருந்தார். அதைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. எனக்கென்று ஒரு கணக்குத் தொடங்கி, இரண்டு தடவை பாஸ்வேர்டு மறந்து, மூன்றாவது தடவை உள்ளே போய், இந்த முகவரி அப்போதே மூடப்பட்டுவிட்டது, இந்தப் பதில் அவளுக்கு வந்து சேரவே இல்லை, நான் அவள் அம்மா, அவருக்கு அக்கா என்று எழுதினேன். முன்பின் தெரியாதவர்கள் நடுவில் நான் பேசியது அதுதான் முதல் தடவை. திமிர் என்றவர் தன் வரியை எடுத்துவிட்டு வருத்தம் தெரிவித்தார். பல் டாக்டர் போன் செய்து, "நாங்க மூடல அக்கா, அவங்க எப்ப வேணா வரட்டும், எத்தன வருஷம் ஆனாலும் தொறந்தே இருக்கும்" என்றார்.

நீ அவனை மன்னிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை, அது உன் விஷயம். அந்தத் திருத்தத்தை ஒரு தடவை பார். சரியாக இருந்தால் சரி என்று போடு, பிழை இருந்தால் பிழை என்று போடு, அவனுக்கு அதுதான் பிடிக்கும். பிடித்திருக்கும் என்று எழுத வேண்டும், இன்னும் கைக்கு வரவில்லை.

வேளைக்குச் சாப்பிடு. எந்தக் குறையும் அண்டாமல், மனதுக்குள் எதையும் பூட்டி வைக்காமல் நீ நன்றாக இருக்க வேண்டும், அப்பாவும் அதையே சொல்லச் சொன்னார். அந்த இணையப் பக்கத்தின் முகவரியைத் தாளின் பின்புறம் எழுதியிருக்கிறேன், புள்ளி கோடு விடாமல் அடி. மறந்துவிடாதே. அவர்கள் எத்தனை வருடமும் காத்திருப்பார்கள், என்னால் அது ஆகாது. தினமும் மதியம் திறந்து பார்க்கிறேன். இன்று வரை என் வரிதான் கடைசி வரி.

உன்,
அம்மா