பெயில்ஸ் இல்லாமல் ஆடிய ஆட்டம்

ஜூலை 10, வியாழன்

காற்று. காலையிலிருந்து ஜன்னல் கொக்கி அடித்துக்கொண்டே இருக்கிறது. காயப்போட்ட துணி எல்லாம் உப்பளத்துப் புழுதி. அம்மா திட்டிக்கொண்டே மறுபடி அலசினாள்.

செய்ய வேண்டியவை: புது ஸ்கோர் புத்தகம். பச்சைப் பேனா. நூலகப் புத்தகம் (ஏழு நாள் தாமதம், அதில் வரும் ரஷ்யக் குடும்பம் இன்னும் ரயிலேறவில்லை). அப்பாவின் படிவம்.

படிவம்தான் விஷயம். மாநில நடுவர் பட்டியலில் அப்பா பெயரைப் புதுப்பிக்க மருத்துவச் சான்று வேண்டும். டாக்டர், அப்பா விக்கெட் கீப்பராக ஆடிய காலத்து ரசிகர். ஏதோ பழைய கேட்ச்சைப் பற்றிப் பேசிக்கொண்டே பார்வை, செவி, இதயம் எல்லாவற்றுக்கும் 'நன்று' போட்டுக் கையெழுத்திட்டுவிட்டாராம். காதருகே ஒன்றும் கொண்டுபோகவில்லையாம்.

"திங்கக்கெழம ஸ்பீட் போஸ்ட்ல போட்டுருளா," என்று அப்பா என்னிடம் கொடுத்தார்.

இந்த முறை புதுப்பித்தால் நான்கு நாள் ஆட்டம் ஒன்று தருவதாகச் சென்னையிலிருந்து சொல்லியிருக்கிறார்கள். மாநிலத்துக்காக அவர் ஆடிய அதே போட்டி. நாலு சீசன் ஆடினார். ஐந்தாவதில் இன்னொரு கீப்பர் வந்தார், அவ்வளவுதான். அப்புறம் இருபது வருஷத்துக்கு மேல் அம்பயர் தொப்பி. பள்ளி ஆட்டம், கல்லூரி ஆட்டம், மாவட்ட லீக். அந்தப் பெரிய போட்டியில் மட்டும் இதுவரை நின்றதில்லை.

மத்தியானம் அவருக்கு வலது பக்கம் உட்கார்ந்து, சாதாரணக் குரலில்: "அப்பா, ஊளி மீன் இன்னொரு துண்டு?" பதில் இல்லை. ஊளியை வேண்டாமென்று சொல்கிற மனிதர் இல்லை. எழுந்து இடது பக்கம் போய்க் கேட்டேன். தட்டை நீட்டினார்.

மூன்று நாளாக இப்படிச் சோதிக்கிறேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

ஜூலை 12, சனி

மாவட்ட லீக் அரையிறுதி. தருவைகுளம் அணியும் டவுன் அணியும். வழக்கம்போல ஸ்கோர் மேசையில் நான்.

பெயில்ஸ், அந்த இரண்டு சின்னக் கட்டைகள், ஸ்டம்ப் மேல் நிற்கவே இல்லை. வைக்க வைக்கக் காற்று தட்டிவிட்டது. எட்டாவது ஓவரில் அப்பாவும் இன்னொரு நடுவரும் பேசி, எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்கள். இந்த மாதங்களில் இங்கே இது வழக்கம், வெளியூர்க்காரர்கள்தான் சிரிப்பார்கள். விழுவதற்கு ஒன்றும் இல்லாததால், பந்து ஸ்டம்ப்பில் பட்டதா என்பது முழுக்க நடுவரின் கண்ணும் காதும்.

த.குளத்தின் வேகப் பந்துவீச்சாளன் டென்சில். படகில் போகிறவன், கையெல்லாம் நண்டுக் கீறல். அவன் பந்து பேட்டுக்கும் காலுக்கும் நடுவே புகுந்தது. மேசை கீப்பருக்குப் பின்னால், காற்று வந்து சேரும் பக்கம். கேட்டேன். டக். பந்து ஸ்டம்ப்பை உரசிய சத்தம், கதவை ஒற்றை விரலால் தட்டுவதுபோல. பக்கத்தில் டவுன் அணியின் ஸ்கோரர்கூட 'அவுட்' எழுதப் பேனாவை எடுத்துவிட்டார்.

எல்லோரும் கத்தினார்கள். பேட்ஸ்மேன் குனிந்து ஷூ நாடாவைக் கட்டினான். அப்பா இல்லை என்று தலையாட்டினார்.

"அண்ணாச்சி, டக்குன்னு கேட்டுச்சே! காத டீக்கடையிலயா கழட்டி வச்சிட்டு வந்திய?"

"பந்தப் போடு தம்பி."

அந்தப் பந்துக்குப் புள்ளி வைத்தேன்: ரன் இல்லை, விக்கெட் இல்லை. ஸ்கோரருக்கு அபிப்பிராயம் கிடையாது.

அப்போது ஒன்பது ரன்னில் இருந்தவன் எழுபத்தொன்று அடித்து ஜெயிக்க வைத்தான். த.குளம் வெளியே.



ஜூலை 13, ஞாயிறு

ஆராதனை. பிரசங்கம் நீளம். அப்பா அம்மாவைத் தன் இடது பக்கம் உட்காரவைத்துக்கொள்வதை இன்றுதான் கவனித்தேன். எத்தனை நாளாகவோ.

நேற்று அவருக்குக் கேட்காததற்குக் காற்று என்று சொல்லிவிடலாம். பொய்யும் இல்லை. அவர் நின்ற பக்கமிருந்துதான் காற்று அடித்தது. சத்தம் அவரைவிட்டு ஓடுகிற திசை. நல்ல காது உள்ளவருக்கும் கேட்டிருக்காது. ஒருவேளை.

அப்பாவின் விரல்கள்: கீப்பர் காலத்துப் பந்துகளில் ஏழு வளைந்தவை, மூன்று நேர். அம்மாவின் கணக்கு. நடுவர் தேர்வுக்கு அவர் படித்தபோது, அம்மா மீன் ஆய்ந்துகொண்டே கேள்வி கேட்பாளாம். தப்பாகச் சொன்னால் அன்றைக்குக் குழம்பில் தலைத்துண்டு கிடையாது. விதிகள் இன்னமும் அவளுக்குத்தான் மனப்பாடம்.

ஜூலை 14, திங்கள்

ஆபீசில் இரண்டு கப்பல் தாமதம். எல்லோருக்கும் என் மேல் கோபம், காற்றை நான்தான் விட்டதுபோல.

படிவம் பையிலேயே. தபால் நிலையத்தை இரண்டு முறை தாண்டினேன்.

ஜூலை 15, செவ்வாய்

காப்பி நேரம். "அனுப்பிட்டியா?"

"இல்லப்பா."

"ஏன்?"

இடது பக்கம் போய் உட்கார்ந்தேன். "சனிக்கிழமை அது அவுட். எனக்குக் கேட்டுச்சு."

டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தார். "காத்து அப்படி அடிச்சுது. காத்துன்னு நீ நெனச்சிருக்கலாமே."

"நெனச்சுப் பாத்தேன். ரெண்டு நாளா."

அடுக்களையிலிருந்து அம்மா: "வலது காதுதான? அது போயி ரெண்டு வருசமாவுது. இவுக வாயால வரட்டும்னு நானும் இருக்கேன்."

மூன்று பேரும் ஒரே வீட்டில் ஒரே விஷயத்தை ஒருவரிடமிருந்து ஒருவர் ஒளித்திருக்கிறோம்.

எப்படிச் சமாளித்தார் என்று கேட்டேன். "கீப்பர் மூஞ்சியப் பாத்தே சொல்லிருவேன். பொய்யாக் கத்துதவன் அம்பயரப் பாப்பான். நெசமாக் கத்துதவன் பேட்ஸ்மேனப் பாப்பான்." டம்ளரைக் கீழே வைத்து, "அன்னைக்குப் புழுதி. மூஞ்சி தெரியல."

படிவத்தைக் கேட்டு வாங்கினார். 'செவி' கட்டத்தில் டாக்டரின் 'நன்று'வை அடித்து, 'வலது காது கேட்காது' என்று எழுதிக் கீழே தன் கையெழுத்து. வளைந்த விரல்களில் பேனா வழுக்கியது. எழுத்து மட்டும் நேர்.

"இப்படி அனுப்பினா கெடைக்காதுப்பா."

"தெரியும்ளா. நானே போயி போடுதேன்."

சாயங்காலம் லீக் செயலாளருக்கு போன், இறுதியாட்டத்தில் நிற்க முடியாதென்று. அவர் குரல் வெளியே கேட்டது: "காய்ச்சல்னு போட்டுக்கிடவா அண்ணாச்சி?"

"காதுன்னு போடு."

ஜூலை 17, வியாழன்

அரை நாள் லீவு. அப்பாவோடு தருவைகுளம். ஸ்கூட்டர் நான் ஓட்டினேன்.

கரையில் டென்சிலும் இன்னும் நாலு பேரும் வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தார்கள். "ஏலே, அம்பயரு வாராரு." "பெயில்ஸ் கொண்டாந்திருக்காரான்னு கேளுலே." ஒரே சிரிப்பு.

அப்பா முன்னுரை எதுவும் வைக்கவில்லை. "அன்னைக்கு அது அவுட்டு, டென்சில். எனக்கு வலது காது கேக்காது. தெரிஞ்சேதான் நின்னேன். தப்பு என் மேல."

டென்சில் கையிலிருந்த நண்டைக் கூடையில் போட்டான். "எனக்குத்தான் தெரியுமே அண்ணாச்சி. எங்க அம்மாட்ட வந்து சொல்லுங்க. சனிக்கெழமலேருந்து சோறு போடும்போதெல்லாம் சிரிக்கா."

போனோம். அவன் அம்மா இடுப்பில் கை வைத்து முழுவதையும் கேட்டாள். "தோத்துட்டு வாரவன் எல்லாவனும் அம்பயரத்தான் சொல்லுவான். அம்பயரே வந்து சொல்லி இப்பதான் பாக்கேன்." பிறகு, "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. பக்கத்து வீட்டுக்கும் கேக்கட்டும்."

அப்பா சத்தமாகவே சொன்னார்.

கிளம்பும்போது ஒரு பை நிறைய நண்டு நீட்டினாள். ஆடுகிறவர்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவர் அப்பா. அம்பயர் யாரிடமும் எதுவும் வாங்கக் கூடாது. கை வழக்கம்போலப் பின்னால் போனது. அப்புறம், "இனிமே வாங்கலாம்லா," என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டார்.

திரும்பி வரும்போது கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம் என்று தோன்றியது.

நண்டு ரசம். அம்மா இரண்டு முறை ஊற்றினாள்.

ஜூலை 20, ஞாயிறு

இறுதியாட்டம். காற்று குறைவு. வெளியூர் நடுவர்கள்.

அப்பா நீலக் கட்டம் போட்ட சட்டையில் வந்தார். மைதானத்தில் அவரைக் கலர்ச் சட்டையில் பார்ப்பது இதுதான் முதல் தடவை; வேறு யாரோ என்று நினைத்துவிட்டேன். என் கூட்டலைச் சரிபார்க்க வந்ததாகச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தார். சரிபார்க்கவில்லை. பொரித்த பரோட்டா சாப்பிட்டார். போகிறவர் வருகிறவர் எல்லாம் வணக்கம் வைத்தார்கள்.

பதினைந்தாவது ஓவர். பந்து பேட்டைத் தாண்டிக் கீப்பர் கைக்குப் போனது. கீப்பர் பேட்ஸ்மேனைப் பார்த்தபடி கத்தினான். நடுவர் இல்லை என்று தலையாட்டினார். அப்பாவிடம் ஒரு சலனமும் இல்லை. பேனா கீழே விழுந்து குனிந்தபோது பார்த்தேன்: மேசைக்கு அடியில், மடிமேல், அவருடைய விரல் உயர்ந்திருந்தது.

"கைய எறக்குங்கப்பா," என்றேன்.

"கேக்கல," என்றார்.

நான் அவருக்கு இடது பக்கம் இருந்தேன்.