சரசக்காவின் கொட்டகை எரிந்த நாள்

12 மார்ச் 1998, வியாழன்

கோபம் அடங்கவில்லை. எழுதினாலாவது தூக்கம் வருமா என்று பார்க்கிறேன்.

புலாவ் செபாங் பக்கத்து எஸ்டேட்டில் மாடு வளர்க்கும் சரசக்காவின் கொட்டகை இன்று மதியம் காய்ந்த புல்லில் பற்றிய தீயில் எரிந்துபோனது. மழையைப் பார்த்து இரண்டு மாதமாகிறது. கொட்டகையைச் சுற்றி லாலாங் புல் ஆளுயரத்துக்குக் காய்ந்து நின்றது. அதை வெட்டி, தீ தாண்டாதபடி வெறும் மண்ணாக விடவேண்டும் என்று ஜனவரியிலேயே சொன்னது நான்தான். கால்நடை ஆபீசில் எனக்கு அதுதான் வேலை. அக்கா அன்றைக்கே பாராங் கத்தியை எடுத்தார். எஸ்டேட் மேனேஜர் தடுத்துவிட்டார். "இது எஸ்டேட் நிலம். ஆபீஸ் லெட்டர் இல்லாம ஒரு புல்லக்கூட தொடக்கூடாது."

லெட்டரை அன்று மாலையே எழுதினேன். என் மேலதிகாரி கையெழுத்துப் போடாமல் இன்றுவரை மேசையிலேயே வைத்திருந்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா மாடுகளின் கயிற்றை அறுத்து விரட்டிவிட்டிருந்தார். சினையாயிருந்த ஒரு மாடு மட்டும் எழ முடியாமல் உள்ளேயே செத்துக் கிடந்தது. அக்கா அழவில்லை. "தம்பி, நீ சொன்னத நான் கேட்டேன்லா. கேக்காதவன் யாருன்னு சொல்லு," என்றார்.

சாயங்காலம் அதிகாரி ரிப்போர்ட்டை நீட்டினார். தீக்குக் காரணம், உரிமையாளரின் கவனக்குறைவு என்று அவரே எழுதியிருந்தார். "சைன் பண்ணுலா, முடிச்சிடலாம்."

கிழித்து அவர் மேசையிலேயே போட்டுவிட்டு வந்தேன். வேலை போனாலும் போகட்டும்.

அலோர் காஜா பக்கம் இதேபோல் எஸ்டேட் நிலத்தில் புல் சூழ்ந்து இன்னும் நான்கு கொட்டகைகள் இருக்கின்றன. இனி லெட்டர் எழுதப்போவதில்லை. நாளை நானே போய்ப் புல்லை வெட்டப்போகிறேன். மேனேஜர்கள் போலீசைக் கூப்பிடட்டும்.