கவாத்துக்கு வந்த புது ஆள்

சின்னமனூர்
12.5.1974

தங்கச்சி மொக்கம்மாளுக்கு அண்ணன் சின்னச்சாமி எழுதுவது. மாப்பிள்ளை சுருளியாண்டியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும்.

ஒன்பது வருஷம் கழித்துக் கடுதாசி வருகிறதே, யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறாதே. எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறோம்.

கல்யாணத்தில் அய்யா உனக்குச் சீதனமாகக் கொடுத்த மஞ்சக்காணி வயலை விற்று, ஓடைப்பட்டியில் கரட்டுக்காடு வாங்கித் திராட்சை போட்டீர்கள். "நெல்லுச்சோறு தின்ன வாயி இனிமே எலையைத் தின்னட்டும்" என்று ஊர் நடுவில் சொன்னவன் நான்தான். மறக்கவில்லை. அந்த வருஷமே உனக்குப் பொங்கல் சீரையும் நிறுத்தினேன்.

இப்போது என் மேட்டுக்காட்டில் நானும் ஒரு ஏக்கர் கொடி போட்டிருக்கிறேன். யாரிடமும் கேட்கவில்லை. முப்பது வருஷமாக வெள்ளாமை பார்ப்பவனுக்கு எவன் சொல்லித் தர வேண்டும் என்ற நினைப்பு. பந்தல் முழுக்கப் பச்சை. இரண்டு வருஷமாக ஒரு குலை இல்லை. உன் மதினி சோணையம்மாள், "வெட்டி அடுப்புல வைங்க" என்கிறாள். உனக்குத் தெரிந்ததை ரெண்டு வரி எழுது.

அண்ணன்
சின்னச்சாமி


ஓடைப்பட்டி
20.5.1974

அண்ணனுக்கு மொக்கம்மாள் கும்பிட்டு எழுதுவது.

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் திண்ணையிலேயே உட்கார்ந்து பிரித்தேன். ரெண்டு தடவை படித்தேன். முதலில் அழுதேன், அப்புறம் கோபம் வந்தது. ஒன்பது பொங்கலுக்கு வாசலைப் பார்த்து நின்றவளிடம் கொடிக்கு வைத்தியம் கேட்கிறீர்களே, நல்லா இருக்கு அண்ணே!

நீங்கள் சொல்லாமலே தெரிகிறது. வயலுக்குக் கட்டுகிற மாதிரி தண்ணீரைத் தேக்கியிருப்பீர்கள். பச்சையைப் பார்த்துப் பூரித்துப்போய், கொடியில் கத்திரி வைக்க மனசு வந்திருக்காது. நெல்லுக்காரர்கள் எல்லாரும் செய்வது அதுதான். நாங்களும் முதல் வருஷம் அதையே செய்தோம்.

இது ரெண்டு வரியில் எழுதுகிற காரியமில்லை. ஜூன் பிறந்ததும் எங்கள் கொடிகளை வெட்டிக் கவாத்து செய்கிறோம். பத்து நாள் வாருங்கள். ஆனால் அண்ணனாக வராதீர்கள். அண்ணனை அதட்ட எனக்கு வாய் வராது, உங்களுக்கும் பொறுக்காது. முதல் தடவை கவாத்துக்கு வருகிறவரை இங்கே 'புது ஆள்' என்போம். புது ஆள் மூன்று நாள் கத்திரியைத் தொடக் கூடாது. வெட்டிப் போட்டதைப் பொறுக்கிக்கொண்டு, எத்தனையாவது கணுவில் வெட்டினார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். சம்மதமென்றால் வாருங்கள்.

மொக்கம்மாள்


சின்னமனூர்
30.6.1974

அன்புத் தங்கச்சிக்கு,

உன் வீட்டிலிருந்து வந்து இருபது நாள் ஆகிறது, கழுத்துப் பிடிப்பு இன்னும் விடவில்லை. குனிந்தே பழகிய நெல்லுக்காரனைப் பத்து நாள் அண்ணாந்து பார்க்க வைத்துவிட்டாய்.

உன் வேலைக்காரி முருகம்மாள், "யோவ் புது ஆளு, எங்கன பாத்துக்கிட்டு நிக்கிற? கணுவை எண்ணுய்யா!" என்று போட்ட சத்தம் காதிலேயே இருக்கிறது. நான் யாரென்று நீ அவளிடம் சொல்லவே இல்லை. நல்லதாகப் போயிற்று. அய்யா செத்த பிறகு என்னை ஒருத்தரும் வைததில்லை. திரும்பவும் சின்னப் பையனாகிவிட்ட மாதிரி சந்தோஷமாக இருந்தது என்றால் நம்புவாயா?

வந்ததும் என் கொடியை நானே வெட்டினேன். பந்தல் மொட்டையாக நின்றதைப் பார்த்து உன் மதினி வாயில் அடித்துக்கொண்டாள். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். பன்னிரண்டாம் நாள் கணுவெல்லாம் முளை!

இன்னொன்று. உன் பந்தலில் பொறுக்கிய மூன்று நாளும் ஒரே நினைப்பு. உனக்குப் பத்து வயசு இருக்கும். வயலுக்குக் கஞ்சி கொண்டு வருவாய். "அண்ணே, ஒரே ஒரு சால் நான் உழுகுறேண்ணே" என்று வரப்பில் நின்று கெஞ்சுவாய். "பொம்பளப் பிள்ளை ஏரைத் தொட்டா மழை போயிரும், போடி" என்று விரட்டுவேன். ஒருநாள் கஞ்சிக் கலயத்தைக்கூட மறந்து அழுதுகொண்டே ஓடினாய். நாலாம் நாள் நீ என் கையில் கத்திரியைக் கொடுத்தாயே, அப்போது அந்தக் கலயம்தான் கண்முன் வந்தது. நேரில் சொல்ல வாய் வரவில்லை. நான் செய்தது தப்பு ஆத்தா.

உன் புது ஆள்
சின்னச்சாமி


ஓடைப்பட்டி
28.10.1974

அன்புள்ள அண்ணனுக்கு,

லாரியில் அனுப்பிய கூடை வந்து சேர்ந்தது. பழம் சின்னது. ரெண்டு குலை வெடித்திருந்தது; அறுப்புக்கு முந்தியே தண்ணீரைக் குறைத்திருக்க வேண்டும். புது ஆளிடம் சொல்லித்தானே ஆக வேண்டும்! மற்றதையெல்லாம் நான் ஒருத்தியே தின்றேன். பிள்ளைகளுக்குக்கூடக் கொடுக்கவில்லை.

இந்தப் பொங்கலுக்குச் சீர் கொண்டு வருவதாகக் கூடைக்குள் சீட்டு வைத்திருந்தீர்கள். வாருங்கள். அதற்கு முன்னால் நான் அங்கே வருகிறேன். இரண்டாம் போகத்துக்கு எப்போது உழவு?

எனக்கு நாற்பத்தொரு வயசாகிறது. "ஊர்ல என்ன சொல்லுவாக?" என்று உங்கள் மாப்பிள்ளை கேட்கிறார். "ஐப்பசி மழை பேஞ்சு முடிஞ்ச பிறகுதானே போறேன், இனி எந்த மழை போகப் போகுது?" என்றேன்.

ஒரு சால் போதாது, சொல்லிவிட்டேன். கோணலாகப் போனால் அதட்டுங்கள், தங்கச்சி என்று பார்க்க வேண்டாம். மதினியை வயலுக்குக் கஞ்சி கொண்டுவரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
புது ஆள்
மொக்கம்மாள்